தண்ணீர் மட்டம்

ஒவ்வொரு வாரமும் அந்த ட்ரோன் ஒரே பாதையில்தான் பறக்கும். முதலில் நெடுஞ்சாலை, பிறகு பைன் மரங்களின் விளிம்பு, அதைத் தாண்டியதும் வெறும் மணல். அந்த மணலின் மேல் போன வாரம் இல்லாத ஏதோ ஒன்று இருக்கும். ஒரு வாரம் வரிசை வரிசையாகப் பள்ளங்கள். சில வாரம் கழித்துப் பள்ளங்களில் நட்டுவைத்த பிரீகாஸ்ட் தூண்கள். அப்புறம் தூண்களின் தலையில் உத்தரங்கள், உத்தரங்களின் மேல் கூரை. 2020-இல் ஊரடங்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, பெர்லினுக்குத் தென்கிழக்கே குரூன்ஹைடே என்ற ஊரில் டெஸ்லாவின் மின்கார் ஆலை எழும்பியதை நான் கைபேசியில் இப்படித்தான் பார்த்தேன். அந்த ஊரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் எந்த மூலையில் எப்போது கிரேன் நின்றது என்று இன்றும் என்னால் சொல்ல முடியும்.

என்னைப் போல் உலகெங்கும் ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். தூண்களை எண்ணினார்கள். இது பிரஸ் ஷாப், இது பெயிண்ட் ஷாப் என்று அடையாளம் கண்டார்கள். யாரும் சம்பளம் கொடுக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. கட்டடம் எழும்புவதைப் பார்ப்பதில் மனிதனுக்கு ஒரு பழைய சந்தோஷம் இருக்கிறது. கோயில் திருப்பணி நடக்கும் ஊரில் வேலையில்லாமல் சாரத்தடியில் நிற்கும் பெரியவர்களிடம் நான் அதைப் பார்த்திருக்கிறேன்.

கட்டட வேலையில் முப்பது வருடங்களுக்கு மேல் இருந்தவன் என்பதால் எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. மாதக் கடைசியில் வேலை எவ்வளவு நடந்திருக்கிறது என்று படம் எடுப்பது என் பொறுப்பாக இருந்தது. பில்லோடு அந்தப் படங்களும் போக வேண்டும். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்த மூத்த பொறியாளர் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்: கட்டடத்தை மட்டும் எடுக்காதே, பக்கத்தில் நகராத ஏதாவது ஒன்று படத்துக்குள் வரட்டும். ஒரு புளியமரம், ஒரு தண்ணீர்த் தொட்டி, தூரத்தில் ஒரு கோபுரம். அது இல்லாவிட்டால் இந்த மாதப் படத்தையும் போன மாதப் படத்தையும் பக்கத்தில் வைத்தாலும் ஒன்றும் புரியாது. ட்ரோன்காரரும் அதனால்தான் முதலில் நெடுஞ்சாலையைக் காட்டுகிறார் என்பது எனக்குச் சட்டென்று விளங்கியது. மாறுவதைப் பார்க்க, மாறாத ஒன்று வேண்டும்.

மட்டம் பார்ப்பதிலும் இதே விதிதான். எந்தத் தளத்தில் வேலை தொடங்கினாலும் முதலில் ஒரு பெஞ்ச் மார்க் வைப்போம். அசையாத இடமாகப் பார்த்து ஒரு குறி போட்டு, அதிலிருந்துதான் அஸ்திவார ஆழம், தரைமட்டம், ஸ்லாப் உயரம் எல்லாவற்றையும் அளப்போம். ஒருமுறை கரிசல் மண் பூமியில் ஒரு பள்ளிக்கூடக் கட்டட வேலை. அங்கே இருந்த பழைய பம்ப் அறையின் திண்ணையில் பெஞ்ச் மார்க் வைத்தோம். கரிசல் மண் மழைக்கு ஊதும், கோடைக்குச் சுருங்கும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போனதில் அந்தத் திண்ணை எங்களுக்குத் தெரியாமல் அசைந்திருந்தது. வேலை முடிந்தபோது கட்டடத்துக்குள் எல்லாம் துல்லியமாகப் பொருந்தியிருந்தது. வாசல்படியும் தரையும் வராந்தாவும் நூல் பிடித்த மாதிரி. வெளியே ஓடிய வடிகாலோடு மட்டும் பொருந்தவில்லை. அடுத்த ஐப்பசியில் வகுப்பறைகளுக்குள் தண்ணீர் வந்தது. ஈர நோட்டுகளைக் கையில் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் வராந்தாவில் நின்றதை நான் மறக்கவில்லை.

குரூன்ஹைடே படங்களைப் பார்க்கப் பார்க்க அந்த நினைவுதான் வந்துகொண்டே இருந்தது.

அந்த ஆலையின் கணக்கு ஒரு விருது விழா மேடையில் தொடங்குகிறது. 2019 நவம்பர் 12 அன்று பெர்லினில் ஒரு கார் விருதை வாங்க வந்த ஈலான் மஸ்க், ஐரோப்பாவின் ஆலையை இங்கேதான் கட்டப்போகிறோம் என்றார். இடம் சுமார் 300 ஹெக்டேர், அத்தனையும் பைன் காடு. 2022 மார்ச் 22-ஆம் தேதி ஜெர்மனியின் அப்போதைய சான்சலர் ஒலாஃப் ஷோல்ஸ் முன்னிலையில் முதல் முப்பது வாடிக்கையாளர்கள் கார் வாங்கிக்கொண்டு போனார்கள். இடையில் 861 நாட்கள். அதே பெர்லினின் புதிய விமான நிலையம் 2012 ஜூனில் திறக்க வேண்டியது, 2020 அக்டோபர் 31-இல்தான் திறந்தது. அந்த வலியை அனுபவித்த ஜனங்களுக்கு 861 நாள் என்பது நம்ப முடியாத வேகம். ஷாங்காயில் இதே நிறுவனம் 2019 ஜனவரி 7 அன்று அடிக்கல் நாட்டி, அந்த ஆண்டு டிசம்பர் 30-க்குள் முதல் கார்களை ஒப்படைத்துவிட்டது என்பது வேறு கதை. அதையும் ட்ரோனில் பார்த்தோம். அங்கே சேறு, இங்கே மணல்.

ஆனால் குரூன்ஹைடேயில் ட்ரோன் காட்டாத வேறொரு வேலையும் கூடவே நடந்தது. அதைத்தான் நான் பிறகு தேடித் தேடிப் படித்தேன்.

2020 பிப்ரவரியில் மரம் வெட்டத் தொடங்கினார்கள். பறவைகள் கூடு கட்டும் வசந்தம் பிறப்பதற்குள் வெட்டி முடிக்க வேண்டும். பாதியில் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு நீதிமன்றம் போக, வேலை நின்றது. சில நாட்களில் தடை நீங்கி, இயந்திரங்கள் மறுபடி ஓடின. அதே ஆண்டு டிசம்பரில் இன்னொரு பகுதியை வெட்டப் போனபோது நீதிமன்றம் மறுபடி நிறுத்தியது. இந்த முறை காரணம், மண்ணுக்குள் குளிர்கால உறக்கத்தில் இருந்த ஒரு பாம்பு இனமும் மணல் பல்லிகளும். உறங்கும் உயிரை அப்புறப்படுத்த முடியாது, அது விழிக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பது வாதம். இதைப் படித்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்து நடந்தேன். என் முப்பது வருட பார் சார்ட்டில் மழைக்கு நாள் ஒதுக்கியிருக்கிறேன், பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் ஒதுக்கியிருக்கிறேன். ஒரு பாம்பின் தூக்கத்துக்கு ஒரு நாளும் ஒதுக்கியதில்லை.

அதைவிட என்னை உலுக்கியது அனுமதி விஷயம். அந்த ஆலைக்கு முழு அனுமதி கிடைத்தது 2022 மார்ச் 4-ஆம் தேதி. அதற்குள் கட்டடமே முடிந்துவிட்டது. அதுவரை எல்லாமே தற்காலிக அனுமதிகள், பள்ளம் தோண்ட ஒன்று, தூண் நிறுத்த ஒன்று என்று துண்டு துண்டாக. ஜெர்மன் சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறது, ஒரு நிபந்தனையோடு. கடைசியில் முழு அனுமதி மறுக்கப்பட்டால் கட்டியதையெல்லாம் உன் செலவில் அகற்றி, நிலத்தை முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவந்து தர வேண்டும். இரண்டு வருடம் எழும்பிய அத்தனை சுவரும் தன்னை இடித்துத் தருவதாக எழுதிக் கொடுத்த வாக்கின் மேல் நின்றிருக்கிறது. ட்ரோன் பார்வையில் அவை எவ்வளவு உறுதியாகத் தெரிந்தன!

முன்பிருந்த நிலை. அந்த வார்த்தையில் என் மனம் சிக்கிக்கொண்டது. எது முன்பிருந்த நிலை?

காடுதானே என்று தோன்றும். ஆனால் அந்தப் பைன் மரங்கள் தாமாக வளர்ந்தவை அல்ல. வெட்டி விற்பதற்காக மனிதர்கள் வரிசை பிடித்து நட்டவை. மேலிருந்து பார்த்தால் நம் தைலமரத் தோப்பு மாதிரி கோடு கோடாகத் தெரியும். அந்த மரங்களுக்கடியில் இரண்டாம் உலகப் போரில் விழுந்து வெடிக்காமல் போன குண்டுகள் கிடந்தன. 2020 ஜனவரியில் நிபுணர்கள் வந்து அவற்றைச் செயலிழக்கச் செய்த பிறகுதான் வேலையே தொடங்க முடிந்தது. அப்படியானால் எந்த வருடத்து நிலத்தைத் திருப்பித் தருவது? நட்ட காட்டையா, குண்டு விழுந்த காட்டையா, அதற்கும் முந்தைய மணலையா? பின்னோக்கிப் போகப் போக, அசையாத திண்ணை என்று ஒன்று அகப்படவில்லை.

இதே சிக்கல் நில அளவைக்காரர்களுக்கும் வந்திருக்கிறது, அதுவும் அதே பகுதியில். அன்றைய பிரஷ்ய அரசு முழுவதற்கும் உயரம் அளக்க ஒரு பொதுப் புள்ளியை 1879-இல் பெர்லின் வானாய்வுக்கூடத்தின் சுவரில் குறித்தார்கள். ஆம்ஸ்டர்டாமின் கடல்மட்டத்தோடு இணைத்து, இந்தக் குறி 37 மீட்டர் என்று வைத்தார்கள். ஒரு நாட்டின் மலைகளும் பாலங்களும் கால்வாய்களும் அந்த ஒரு சுவரிலிருந்து அளக்கப்பட்டன. பிறகு நகரம் வளர்ந்து, அந்த வானாய்வுக்கூடத்தையே இடிக்க வேண்டி வந்தது. அது அழிவதற்கு முன்பே அளவைக்காரர்கள் அந்தக் குறியிலிருந்து அளந்துகொண்டு போய், பெர்லினுக்குக் கிழக்கே மியுன்செபெர்க் ஊருக்கருகில், மண்ணுக்கடியில் புதிய குறிகளைப் பதித்தார்கள். 1912-ஆம் ஆண்டின் உயரப் புள்ளி என்று அதற்குப் பெயர். நம் ஆலை எழுந்த இடத்திலிருந்து அது அதிகத் தூரமில்லை.

அசையாத பொருள் உலகத்தில் கிடையாது என்று அந்த அளவைக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் அளப்பதை அவர்கள் விடவில்லை. இடிக்கப்போவது தெரிந்ததும் ஓடிப்போய்க் குறியைக் காப்பாற்றினார்கள். பெஞ்ச் மார்க் என்பது கல்லின் குணம் என்று நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது மனிதர்கள் ஏற்றுக்கொள்ளும் ஒரு பொறுப்பு. எதை நகர விடமாட்டோம் என்று நாம் முடிவு செய்து காவல் காக்கிறோமோ, அதுதான் மட்டம்.

குரூன்ஹைடே மக்கள் காவல் காத்தது தண்ணீரை. ஆலையின் ஒரு பகுதி குடிநீர்ப் பாதுகாப்பு மண்டலத்துக்குள் வருகிறது. சுற்றிலும் ஏரிகள் இருக்கின்றன. ஆனாலும் பிராண்டன்பர்க் மழை குறைந்த மாநிலம், மண் பெரும்பாலும் மணல். 2020-இல் திட்டத்தைத் திருத்தி மண்ணுக்குள் பைல் இறக்க வேண்டியிருக்கிறது என்று நிறுவனம் சொன்னபோது, அந்த ஊர்க்காரர்கள் முதலில் கேட்டது அது நிலத்தடி நீருக்குள் இறங்குமா என்றுதான். நானூறுக்கும் மேற்பட்ட ஆட்சேபணைகள் வந்தன. அந்தச் செப்டம்பரில் பக்கத்து ஊரான எர்க்னரின் மண்டபத்தில் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நாள்கணக்கில் விசாரித்தார்கள். ட்ரோன் படத்தில் அந்த நாட்களிலும் தூண்கள் ஏறிக்கொண்டுதான் இருந்தன. மண்டபத்துக்குள் நடந்தது படத்தில் இல்லை.

முழு அனுமதி கிடைத்த அதே 2022 மார்ச் 4-ஆம் தேதி, இன்னொரு ஊரில் ஒரு நீதிமன்றம், அந்த வட்டாரத்தின் குடிநீர் நிலையம் ஒன்றுக்குக் கூடுதலாக நீர் எடுக்கக் கொடுத்த அனுமதி சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்புச் சொன்னது. புதிதாகக் குடிவருபவர்களுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 105 லிட்டர்தான் என்று குடிநீர்ச் சங்கம் வரம்பு வைத்தது. ஒரே நாளில் ஒரு கணக்கு முடிந்தது, இன்னொரு கணக்கு திறந்தது.

ஆலைக்கு எதிராக இதையெல்லாம் நான் எழுதவில்லை. பிழைப்பு தேடி இளைஞர்கள் மேற்கே போய்க்கொண்டிருந்த கிழக்கு ஜெர்மனிப் பகுதியில் அது பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை கொடுத்திருக்கிறது. புகை விடாத கார் வேண்டும் என்று நானும்தான் ஆசைப்படுகிறேன். அந்தத் தூண்கள் ஏறிய அழகை நான் ரசித்தேன், இன்றும் ரசிக்கிறேன். 2024 பிப்ரவரியில் ஆலையை விரிவாக்க இன்னும் நூறு ஹெக்டேர் காடு வேண்டும் என்று வந்தபோது ஊர்க்காரர்கள் வாக்களித்து வேண்டாம் என்றார்கள். வேண்டாம் என்றவர்கள் 3,499 பேர், வேண்டும் என்றவர்கள் 1,882 பேர். பிறகு வெட்டும் பரப்பைக் குறைத்து, மாற்றிய திட்டத்துக்கு அந்த மே மாதம் ஊராட்சி மன்றம் ஒப்புதல் தந்தது. இரண்டு பக்கமும் மனிதர்கள்தான் இருக்கிறார்கள். அவர்கள் அளக்கத் தொடங்கிய புள்ளிதான் வேறு வேறு.

நாங்கள், படம் பார்த்தவர்கள், போன வாரத்திலிருந்து அளந்தோம். போன வாரத்தை பெஞ்ச் மார்க்காக வைத்தால் எல்லாமே ஏற்றம்தான். ஒரு தூண் ஏறினாலும் வளர்ச்சி, ஒரு மரம் போனாலும் வளர்ச்சி. கட்டடம் தன்னைத் தானே அளந்துகொண்டு தனக்குள் துல்லியமாகப் பொருந்திக்கொள்ளும், அந்தப் பள்ளிக்கூடம் மாதிரி. வெளியே ஓடும் வடிகாலிலிருந்து அளந்தவர்கள் அந்த மண்டபத்தில் நாள்கணக்காக உட்கார்ந்திருந்தவர்கள். அவர்களால் வேலை தாமதமானது என்று அப்போது எனக்கு எரிச்சல்கூட வந்தது. அவர்களும் என்னைப் போல லெவல் எடுத்துக்கொண்டிருந்தவர்கள்தான் என்பது புரிய எனக்கு இத்தனை காலம் ஆனது. அளவைக்காரர்கள் மலையின் உச்சியைக்கூடக் கடலின் மட்டத்திலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறார்கள். உயரம் என்று நாம் சொல்வதெல்லாமே தண்ணீரிலிருந்து கிளம்பியதுதான்.

அந்தப் பள்ளிக்கூட வராந்தாவைப் பெயர்த்து மறுபடி போட்டபோது, வயதான மேஸ்திரி ஒருவர் வந்தார். எங்களிடம் இருந்த கருவியை அவர் தொடவில்லை. கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் ஒரு பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை வடிகால் ஓரத்தில் ஒரு பையனிடம் பிடிக்கச் சொல்லி, மறுமுனையைத் தானே வாசல்படியோரம் சுவரில் சாய்த்துப் பிடித்தார். குழாய்க்குள் தண்ணீர் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருந்தது. நான் அவசரத்தில், "மேஸ்திரி, குறி போடுங்க, நேரமாகுது" என்றேன். அவர் குழாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இருங்க சார். தண்ணி இன்னும் ஆடுது."