விதவையின் காசும் இடிந்த ஆலயமும்

2020 மார்ச் 18 அன்று கோவிட் பரவலால் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. தெலுக் இந்தானில் ஆலயங்களைப் பூட்டினோம். கைப்பேசியில் மட்டும் பிரசங்கம் ஓயவில்லை. கொள்ளைநோய், பூகம்பம், யுத்தம் என்று மத்தேயு 24-ஆம் அதிகாரத்தைக் காட்டி, கடைசிக் காலம் வந்துவிட்டது என்றார்கள். பிறகு தடுப்பூசி வந்தபோது அதுதான் மிருகத்தின் முத்திரையான 666 என்றும் செய்தி அனுப்பினார்கள். சபையின் முதியவர்கள் நடுங்கிப்போனார்கள். முடிவு உண்டு என்று நம்புகிறவன்தான் நானும். அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு எப்படி வாழ்வது என்பதுதான் அப்போதிருந்து என்னைக் குடையும் கேள்வி.

அதே போதனை வரும் மாற்கு 13-இல் சீஷர் ஒருவர் எருசலேம் ஆலயத்தின் கற்களைக் காட்டி வியக்கிறார். ஏரோது ராஜா கி.மு. 20 வாக்கில் தொடங்கிய பெரும் திருப்பணி அது. ஆலய மேடையைத் தாங்கிய மேற்கு மதிலில் 13 மீட்டருக்கும் நீளமான கல் இன்றும் இருக்கிறது. வியக்காமல் எப்படி? 1885-இல் எழும்பிய நம் ஊர்ச் சாய்ந்த கோபுரம் 25 மீட்டர்தான். அதையே அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் வருகிறோம். ஆனால் இயேசு, இதெல்லாம் தரைமட்டமாகும் என்கிறார். கி.பி. 70-இல் தீத்துவின் ரோமப் படை அந்த ஆலயத்தை அழித்தது.

நாம் வழக்கமாக வாசிக்கத் தொடங்குவது இந்த இடத்தில்தான். அதிகாரப் பிரிவுகளோ 13-ஆம் நூற்றாண்டில் போடப்பட்டவை. அந்தப் பிரிவுக் கோட்டை அழித்துவிட்டு, கொஞ்சம் மேலேயிருந்து படித்துப் பாருங்கள். விதவைகளின் வீடுகளை விழுங்கிவிட்டு நீண்ட ஜெபம் பண்ணும் வேதபாரகர்களை இயேசு கண்டிக்கிறார். அடுத்து ஓர் ஏழை விதவை, தன் பிழைப்புக்கு இருந்த இரண்டு காசுகளையும் காணிக்கைப் பெட்டியில் போடுகிறாள். உடனே, ஆலயம் இடிபடும் என்கிற வார்த்தை வருகிறது. அவளுடைய பக்தியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவளிடமிருந்து கடைசிக் காசுவரை வாங்கிக்கொண்ட கட்டடம் நிற்காது என்றே இந்த வரிசை எனக்குச் சொல்கிறது. தீர்க்கதரிசி எரேமியாவும் தம் புத்தகத்தின் ஏழாம் அதிகாரத்தில் ஆலய வாசலில் நின்று, அந்நியனையும் அநாதையையும் விதவையையும் ஒடுக்கிக்கொண்டு இந்தக் கட்டடத்தை நம்பாதீர்கள் என்றுதான் கதறினார். சாலொமோன் கட்டிய அந்த ஆலயம் கி.மு. 586 வாக்கில் பாபிலோனியரிடம் வீழ்ந்தது.

என் பெரியம்மா இந்த வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். பெரியப்பா இறந்த பிறகும் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு, போய், வாராவாரம் தோட்டத்து ஜெபவீட்டில் காணிக்கை போட்டார். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது வேலை போயிற்று. வேலைக்காகக் கொடுத்த வீடும் கூடவே போயிற்று. பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக இருந்த ஜெபவீட்டையும் பிரித்துப் போட்டார்கள். ஜெபவீட்டுக்காக அழுதவர்கள் பலர். பெரியம்மா இனி எங்கே படுப்பார் என்று சபையில் ஒருவரும் கேட்கவில்லை. அந்த மௌனம்தான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை. அவருடைய உலகம் அன்றைக்கே முடிந்துவிட்டது. நாங்கள் மத்தேயுவைப் பிரித்துவைத்து அடையாளம் தேடிக்கொண்டிருந்தோம்.

தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், 1960-இல், துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். வேலையையும் வீட்டையும் காப்பாற்றப் போன காசு அது. பிரசங்க மேடையில் ஏறாத இந்தக் கதையை, கடைசிக் காலத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்கிறேன். மத்தேயுவில் 24-ஆம் அதிகாரத்தின் எச்சரிக்கைகளைத் தொடர்ந்து வரும் 25-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியில் நியாயத்தீர்ப்பு நடக்கிறது. அங்கே விசாரிக்கப்படுவது பசித்தவனுக்குச் சோறு போட்டாயா, அந்நியனுக்கு இடம் கொடுத்தாயா என்பதுதான். நாளைக் கணக்கிட்டாயா என்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் சபையில் இப்போது புதுக் கட்டட நிதிக்குப் பேச்சு நடக்கிறது. மழைக்கு ஒழுகாத கூரை வேண்டும், நானும் கொடுப்பேன். ஆனால் தோட்டத்திலிருந்து வந்து தாமான் வீடுகளில் வாடகைக்குத் தனியாக இருக்கும் பாட்டிமார் காணிக்கை உறையோடு வருகிறார்கள். அவர்களுடைய வாடகைக்கும் மருந்துக்கும் முதலில் ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் கட்டலாம் என்று அடுத்த கூட்டத்தில் கேட்கப்போகிறேன்.