தரை தெரியாத கால்கள்

கீழே விழுந்தவரைத் தூக்கிவிடும்போதே, "பார்த்து நடக்கக் கூடாதா?" என்று கேட்பது நம் வழக்கம். எங்கள் சித்தூரில் அது தமிழ், தெலுங்கு என இரண்டு மொழியிலும் வரும். பக்கத்து வீட்டம்மா "பார்த்து நடங்க" என்பார். எதிர்வீட்டுக்காரர் "சூசி நடவண்டி" என்பார். இருவர் சொல்வதும் அன்பினால்தான். ஆனால் அந்த அன்புக்குள் ஒரு தீர்ப்பும் இருக்கிறது: விழுந்தது உன் கவனக்குறைவு. பல வருடச் சர்க்கரை நோயால் கால் நரம்பு கெட்டுப்போனவன் நான். அந்தத் தீர்ப்பு எங்களைப் போன்றவர்களுக்குப் பொருந்தாது என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

நிற்பது என்பது உடல் ஓயாமல் செய்துகொண்டிருக்கும் வேலை. கண் சுற்றுப்புறத்தைக் காட்டுகிறது. உட்காது தலையின் சாய்வை அறிகிறது. தரை மேடா பள்ளமா, எடை எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பாதமும் கணுக்காலும் தெரிவிக்கின்றன. இந்த மூன்றையும் வைத்துத்தான் மூளை தசைகளை இயக்குகிறது. நரம்பு கெடும்போது பாதத்தின் செய்தி தாமதமாக வரும், பிறகு அரைகுறையாக வரும், கடைசியில் வராமலே போகும். நீளமான நரம்புகள்தான் முதலில் பழுதாகும் என்பதால் கால்விரல் நுனியில் தொடங்கி மெல்ல மேலே ஏறும். முதலில் மதமதப்பும் எரிச்சலும். அப்புறம் பஞ்சின் மேல் நடப்பது போல இருக்கும். செருப்பு கழன்று பின்னால் கிடக்க, நாம் நாலடி தள்ளிப் போயிருப்போம். கழன்றது தெரியாது.

இந்த நிலையில் பாதத்தின் வேலையையும் கண்ணே சேர்த்துச் செய்கிறது. அதனால் வெளிச்சத்தில் ஓரளவு நன்றாகவே நடக்கிறோம். நள்ளிரவில் கரண்ட் போனாலோ, முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினாலோ உடம்பு சாய்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மருத்துவர் மோரிட்ஸ் ராம்பெர்க் கவனித்து எழுதியது இதைத்தான். கால்களைச் சேர்த்து நிற்க வைத்து, கண்ணை மூடச் சொல்லிப் பார்க்கும் சோதனை இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆக, நாங்கள் நாள் முழுக்கப் பார்த்துத்தான் நடக்கிறோம். மற்றவர்கள் பேசிக்கொண்டே, யோசித்துக்கொண்டே வைக்கும் அடியை நாங்கள் ஒவ்வொன்றாக எண்ணி வைக்கிறோம். கவனத்துக்கு இதற்கு மேல் வேலை கொடுக்க முடியாது. எவ்வளவு மனஉறுதி இருந்தாலும் அது மரத்துப்போன பாதத்துக்கு உணர்ச்சியைக் கொண்டுவராது.

எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க வேலூரில், உணர்ச்சி போனால் என்ன ஆகும் என்பதை ஒருவர் வேறு நோயின் வழியாகக் கண்டறிந்தார். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த அறுவை சிகிச்சை மருத்துவர் பால் பிராண்ட், 1946-இல் அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) சேர்ந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினாலேயே அழுகி விழுகின்றன என்று அன்று பரவலாக நம்பினார்கள். நோய் நரம்பைக் கெடுக்கிறது, வலி தெரியாததால் காயமும் தீப்புண்ணும் கவனிக்கப்படாமல் பெருகுகின்றன, விரல் போவது அதனால்தான் என்று அவர் காட்டினார். "சாபம்" என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு வேலூரிலும், அருகே 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மையத்திலும் காலைக் காக்கும் செருப்புகள் செய்துகொடுத்தார்கள். இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு டாக்டர்கள் எழுதிக்கொடுக்கும் எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்பு அந்த வழியில் வந்ததுதான். அந்த மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்து, "ஜாக்கிரதையாக இரு" என்று மட்டும் சொல்லி அனுப்பவில்லை. உணர்ச்சி செய்துகொண்டிருந்த வேலையைச் செருப்பு செய்யும்படி ஏற்பாடு செய்தார்கள். நான் பிடித்துக்கொண்டிருக்கும் பாடம் அது.

அந்த ஏற்பாடு வீட்டில்தான் தொடங்க வேண்டும். படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை இரவு விளக்கு எரிய வேண்டும். குளிக்கும் இடத்தில் சுவரோடு இறுக்கிய கைப்பிடியும், உட்கார்ந்து குளிக்க ஒரு ஸ்டூலும் வேண்டும். செருப்புக்குப் பின்வார் வேண்டும். ஓரம் மடங்கும் கால்மிதியை எடுத்துவிட வேண்டும். இந்த நோயில் ரத்த அழுத்தத்தைச் சமாளிக்கும் நரம்பும் கெடலாம். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். அதனால் எழுந்ததும் கட்டில் ஓரத்தில் சற்று உட்கார்ந்துவிட்டு நிற்க வேண்டும். பயந்து நடையையே நிறுத்தினால் தொடைத் தசையும் கணுக்காலும் வலுவிழக்கும், அடுத்த விழுகை எளிதாகிவிடும். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, ஒற்றைக் காலில் நிற்கப் பழகுவது போன்றவற்றைப் பிசியோதெரபி நிபுணரிடம் கற்றுக்கொள்ளலாம். காரணத்தையும் தேட வேண்டும். பி12 குறைவு, மது, தைராய்டு குறைபாடு, சில காசநோய் மருந்துகள் எல்லாம் நரம்பைக் கெடுக்கும். நெடுநாள் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைய வாய்ப்புண்டு. அதை ஊசியாலோ மாத்திரையாலோ சரிசெய்யலாம். உணர்ச்சி எவ்வளவு இருக்கிறது என்றறியப் பாதத்தில் நைலான் இழையை அழுத்திப் பார்ப்பதும், 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை வைத்துப் பார்ப்பதும் சில நிமிட வேலை. சர்க்கரை அளவு பார்க்கப் போகும் எவரும் காலையும் நீட்டிக் காட்டிவிட்டு வரலாம்.

இவ்வளவையும் ஏற்றுக்கொண்ட மனதும் திருமலை என்று வந்தால் தடுமாறுகிறது. இந்தப் பக்கத்தில் மலையேறுவதாக வேண்டிக்கொள்ளாத குடும்பம் அபூர்வம். மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து 3550 படி, சுமார் 9 கிலோமீட்டர். ஏறுவதைவிட இறங்குவது எங்களுக்குக் கடினம். கீழே இருக்கும் படி எங்கே முடிகிறது என்று கால் சொல்லாது. மேலே போனால் வெறுங்கால். வெயில் காலத்தில் தேவஸ்தானம் விரிப்புப் போட்டாலும், விரிப்பை விட்டு நகர்ந்தால் கல் சுடும். சுடுவது தெரியாத காலில் கொப்புளம் வந்து, அது புண்ணாகிய பிறகே பலருக்குத் தெரிகிறது. வேண்டுதலை நிறைவேற்றாமல் விட்டால் குறை ஆகுமோ என்ற கலக்கம் உண்மையானது. அதைச் சிறுமையாக யாரும் பேசக் கூடாது.

எனக்கு ஆறுதல் தந்தது அந்தப் பாதையிலேயே இருக்கும் ஒரு ஐதீகம். மலையையே ஆதிசேஷனாகக் கண்டதால் காலால் மிதிக்க மனமின்றி ராமானுஜர் முழங்காலால் ஏறினார் என்பார்கள். செங்குத்தான அந்தப் பகுதிக்கு, தெலுங்கில் முழங்காலைக் குறிக்கும் சொல்லால், மோகாலி மெட்டு என்றே பெயர். ஏறும் விதம் ஒன்றுதான் என்று அந்த மலை யாரிடமும் சொன்னதில்லை. பஸ்ஸில் போய், மூத்த குடிமக்கள் வரிசையில் நின்று, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வணங்குகிறவனின் வேண்டுதலும் வேண்டுதல்தான்.

தோளைப் பிடிப்பதுதான் எல்லாவற்றிலும் கடினமான ஏற்பாடு என்று நினைக்கிறேன். விளக்கையும் கைப்பிடியையும் காசு கொடுத்து வாங்கலாம். "என்னைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ" என்று கேட்பதற்கு வாய் வர வேண்டும். பிள்ளைகளைக் கைபிடித்து நடக்கவைத்த தலைமுறைக்கு அது வர நாளாகும். ஆனால் கூச்சத்தால் கேட்காமல் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால், அதே பிள்ளைகள் மாதக்கணக்கில் நம்மைத் தூக்க வேண்டியிருக்கும். ஒரு நிமிடம் தோள் கொடுப்பது அவர்களுக்குச் சுமையே அல்ல. பெரும்பாலும் அவர்கள் கேட்கத் தயங்கிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறார்கள். அந்தத் தயக்கத்தை முதலில் உடைக்க வேண்டியவர்கள் நாம்தான். உதவி கேட்டு வாங்கிக்கொண்டு நடப்பவர் கோயிலுக்கும் போகலாம், கல்யாணத்துக்கும் போகலாம், பேரப்பிள்ளையின் பள்ளி விழாவுக்கும் போகலாம். நரம்பு போனாலும் இந்த இடங்கள் எல்லாம் நம்முடையவையாகவே இருக்கும்.