நாடா திரும்பும் கணக்கு

சீடன்: ஐயா, ஒரு நொடியில் எத்தனை முறை என்பதே அதிர்வெண் என்று படித்தேன். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறி ஒன்றில் ஊடை நூலைக் கொண்டுசெல்லும் நாடா நிமிடத்துக்கு 60 முறை பாய்ந்தால், அதன் அதிர்வெண் 1 ஹெர்ட்ஸ்தானே?

குரு: அரை ஹெர்ட்ஸ். நீ பாய்ச்சலை எண்ணிவிட்டாய். எண்ண வேண்டியது திரும்புதலை. இடக்கரையிலிருந்து வலக்கரைக்கு நாடா போவது பாதிச் சுற்று. திரும்பி வந்து, மறுபடி வலப்பக்கம் புறப்படும்போதுதான் சுற்று முழுமையாகிறது. சேலையின் நடுவில் கண் வைத்துப் பார்ப்பவனுக்கு மயக்கம் இன்னும் கூடும். நாடா அவனை வலப்பக்கமாகக் கடக்கிறது, பிறகு இடப்பக்கமாகக் கடக்கிறது. இடம் அதுவேதான், போக்கு வேறு. இடமும் போக்கும் சேர்ந்து ஒத்துவந்தால்தான் ஒரு சுற்று. ஆனால் அதே தறியில் ஒவ்வோர் ஊடைக்கும் ஓர் அடி விழுகிறது. அந்த அடியை எண்ணினால் நிமிடத்துக்கு 60, அதாவது சரியாக 1 ஹெர்ட்ஸ். ஒரே தறிக்கு இரண்டு விடை, இரண்டும் சரி. எது திரும்புகிறது என்று தீர்மானிக்காமல் வகுக்கத் தொடங்குவதால்தான் ஊசல் கணக்கில் இத்தனை பேர் சரிபாதியாகவோ இரட்டிப்பாகவோ தவறுகிறார்கள்.

சீடன்: இடையில் நூல் அறுந்து நெசவாளர் நின்றுவிட்டால்?

குரு: சராசரி கிடைக்கும். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

சீடன்: நொடிக்கு ஒருமுறைகூட நிகழாததற்கு அதிர்வெண் உண்டா? காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயில் குளத்திலிருந்து அத்தி வரதர் எழுந்தருள்வதைச் சொல்கிறேன்.

குரு: உண்டு. 1939, 1979, 2019 என்று மூன்று முறை அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளினார். மூன்று என்பதால் 80 ஆண்டை மூன்றால் வகுக்காதே. மூன்று வருகைக்கு நடுவே இடைவெளி இரண்டுதான். ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம், அதாவது அலைவு காலம், 40 ஆண்டு. 2019-இல் அவர் வெளியே இருந்த 48 நாளும் அதற்குள் அடக்கம், நாடா கரையில் தங்கும் நேரமும் அதன் சுற்றில் சேர்வதுபோல. 40 ஆண்டு என்பது ஏறத்தாழ 126 கோடி நொடி. ஒன்றை அதனால் வகுத்தால் ஹெர்ட்ஸ் கணக்கு வந்துவிடும்; 126 கோடியில் ஒரு பங்கு. எண் சிறிது, பொருள் குறையவில்லை.

சீடன்: ஆனால் நாதஸ்வரத்தில் ஒரு கணம் ஒலித்ததுமே சுருதி இன்னதென்று வித்வான் சொல்லிவிடுகிறார். அவர் எதையும் எண்ணவில்லையே! அப்படியானால் அதிர்வெண் அந்தக் கணத்திலேயே இருக்கிறது அல்லவா?

குரு: இது வலிமையான ஆட்சேபம். இதை ஆற அமரத்தான் பார்க்க வேண்டும். நாம் கணம் என்பது காற்றுக்குக் கணமில்லை. 440 ஹெர்ட்ஸ் ஸ்வரம் பத்தில் ஒரு நொடி ஒலித்தால் அதற்குள் 44 சுற்று முடிந்துவிடுகிறது. நாற்பத்து நான்கு முறை நாடா போய்வந்ததைப் பார்த்தவனுக்குத் தறியின் ஓட்டம் தெரியாதா? காது எண்ணிக்கையைச் சொல்வதில்லை, திரும்புதலை உணர்கிறது. அந்த ஒலியை நறுக்கிக்கொண்டே போய் ஒரே ஒரு சுற்று மிஞ்சும்படி செய்தால் வித்வானுக்கும் 'டக்' என்ற சத்தம்தான் கேட்கும், சுருதி கேட்காது. தறியைப் புகைப்படம் எடுத்தால் நாடா எங்கே இருக்கிறது என்று தெரியும். எத்தனை விரைவில் திரும்பும் என்று எப்படித் தெரியும்? எண்ணும் நேரம் நீண்டால்தான் விடையும் கூர்மையாகும். எண்ணிக்கையில் ஒன்று பிசகினால், பத்தில் ஒரு நொடிக் கணக்கில் பிழை 10 ஹெர்ட்ஸ். 10 நொடி எண்ணியவனுக்கு அதே பிசகு பத்தில் ஒரு ஹெர்ட்ஸ்தான். வகுக்கும் நொடிதான் என்ன? அதுவும் ஒரு திரும்புதல் கணக்கே. சீசியம் 133 அணுவின் குறிப்பிட்ட கதிர்வீச்சு 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 முறை அலைந்து முடிக்கும் காலத்தை 1967-இல் ஒரு நொடி என்று வரையறுத்தார்கள். ஆகவே நம் நாடாவுக்கு அரை ஹெர்ட்ஸ் என்றால், அது ஒருமுறை போய்த் திரும்புவதற்குள் சீசியத்தின் அலை 1838 கோடி தடவைக்கு மேல் திரும்பிவிடுகிறது.