நிலத்தடி நீரும் ஜீவகாருண்யமும்

பிற உயிர்களுக்கு நேரும் துன்பத்தைக் கண்டோ, கேட்டோ, அறிந்தோ உண்டாகும் உருக்கத்தோடு ஒழுகுவதே கடவுள் வழிபாடு என்பது, வடலூர் வள்ளலார் ‘ஜீவகாருண்ய ஒழுக்க’த்தில் நிலைநாட்டும் கருத்து; அத்துன்பங்களுள் பசியோடு தாகத்தையும் அவர் வைத்து எண்ணுகிறார். அவர் 1867-இல் தருமச்சாலை தொடங்கிய வடலூருக்கு அருகிலேயே நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் அமைந்திருப்பதால், கண்ணுக்கும் செவிக்கும் எட்டாத நிலத்தடியில் விளையும் தீங்கு அந்த உருக்கத்தின் எல்லைக்குள் வருமா என்ற வினா அங்கு வெறும் ஏட்டு வினாவாக நின்றுவிடுவதில்லை.

நெய்வேலியின் நிலக்கரி, கடலூர் மணற்கல் எனப்படும் பாறைத் தொகுதிக்குள், மணலும் களிமண்ணும் மாறிமாறிப் படிந்த அடுக்குகளுக்கிடையே கிடக்கிறது. இத்தொகுதி மேற்கே தரைமட்டத்தில் வெளிப்பட்டு, கிழக்கே கடலை நோக்கி மெல்லச் சரிகிறது. மேற்கில் பெய்து மணலுக்குள் இறங்கும் மழைநீர், மேலே களிமண்ணும் நிலக்கரியும் மூடியிருப்பதால் வெளியேற வழியின்றி அழுத்தம் கொள்கிறது. இவ்வாறு நெருக்குண்டு நிற்பதை ஆர்ட்டீசியன் நீர் என்பர். துளையிட்டால் இறைக்காமலேயே மேலெழுவது அதன் இயல்பு. நிலக்கரியின் அடிப்புறத்தை அது சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை அழுத்துவதால், மேல்மண்ணின் பாரம் நீங்கியதும் சுரங்கத் தரை பிளந்து வெள்ளம் புகுந்துவிடக்கூடும். எனவே 1957-இல் தோண்டத் தொடங்கிய சுரங்கத்தில், ஆழ்குழாய்க் கிணறுகளால் இடைவிடாது இறைத்து அழுத்தத்தைத் தணித்த பின்னரே 1961-இல் நிலக்கரியை எட்ட முடிந்தது; அந்த இறைப்பு இன்றளவும் தொடர்கிறது.

இதைப் பாவம் என ஒரே சொல்லில் ஒதுக்குவது நேர்மையாகாது; நிறுத்தினால் குழிக்குள் உழைப்போரின் உயிருக்கே ஆபத்து, இறைத்த நீரும் அனல்மின் நிலையங்களுக்கும் சென்னையின் குடிநீருக்கும் பயன்பட்டிருக்கிறது. ஆனால் அழுத்தக் குறைவு சுரங்கத்தின் எல்லையோடு நிற்பதில்லை. அதே அடுக்கிலிருந்து நீர்பெறும் தொலைவான கிணறுகளிலும் மட்டம் தாழ்கிறது. தாழ்ந்த நீரைத் தொட மேலும் ஆழமாகப் போர் போடக் கடன்படும் உழவர் துன்பத்தை அறிவார், அதன் காரணத்தை அவரால் பார்க்க இயலாது. செய்தவரைச் செயலின் பயன் சேரும் என்னும் வினைக்கோட்பாடும் இங்குத் தடுமாறுகிறது, ஏனெனில் நிறுவனம், அரசு, மின்விளக்கு ஏற்றும் ஒவ்வொரு வீடு என இங்குச் செய்தவர் பலர்.

சட்டமோ அறியாமையின் மேல் எழுந்தது. நிலத்தடி நீரின் போக்கு மனிதரால் அறியத்தக்கதன்று என்ற எண்ணம் மேலோங்கியிருந்த 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய நீதிமன்றங்கள் வகுத்த நெறியைத் தழுவி, 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், வரையறுத்த தடமின்றிக் கசியும் நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளும் உரிமையை நிலவுடைமையாளருக்கு அளித்தது. அந்த அறியாமை இன்று இல்லை. நீரை இறைக்காமல் மட்டத்தை அளப்பதற்கென்றே விடப்படும் நோக்குக் கிணறுகள், எந்த அடுக்கில் எவ்வளவு அழுத்தம் குறைந்தது என்பதைக் காட்டிவிடுகின்றன. வள்ளலார் காண்பதோடும் கேட்பதோடும் நிறுத்தாமல் அறிதலையும் சேர்த்ததன் முழு எடை இங்கேதான் விளங்குகிறது: கண்ணுக்கு மறைந்த தாகத்தை அறியும் வழி பாறையியல் என்றால், அக்கல்வியும் ஜீவகாருண்யத்தின் உறுப்பேயாகும். அவ்வாறாயின் அந்த அளவுகள் சுரங்க அலுவலகக் கோப்புகளில் மட்டும் உறங்கலாகாது. கிணறு தாழும் ஒவ்வோர் ஊரின் ஊராட்சி மன்றத்திலும் அவை மாதந்தோறும் தமிழில் எழுதி வைக்கப்பட வேண்டும்.