இரக்கத்துக்கு முந்திய வேலை

காலை வழிபாட்டு வரிசையில் நிற்கும் பிள்ளை ஒன்று வலிப்பு வந்து விழுந்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார். ஒருவர் பல்லிடுக்கில் கரண்டிக் காம்பை நுழைக்கப் பார்ப்பார். இரண்டு பேர் கைகாலை அமுக்கிப் பிடிப்பார்கள், இன்னொருவர் வாயில் தண்ணீர் ஊற்றுவார். இவர்களில் ஒருவர்கூட அந்தப் பிள்ளைக்குக் கெடுதல் நினைத்தவர் இல்லை; பதறி ஓடிவந்தவர்கள். ஆனால் இரும்புக்கும் வலிப்புக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கரண்டி பல்லை உடைக்கும், தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போகும், அமுக்கிப் பிடித்தால் தசையும் மூட்டும் காயப்படும். அந்த நேரத்தில் பிள்ளைக்கு வேண்டியது கொஞ்சம்தான். சுற்றிலும் இடம் விட வேண்டும்; தலைக்கடியில் மடித்த துணி வைக்க வேண்டும்; உதறல் அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கூடவே இருக்க வேண்டும்; கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்காவிட்டால் 108ஐ அழைக்க வேண்டும். இரக்கம் நிறைந்த ஐந்து பேர் சேர்ந்து ஒரு பிள்ளைக்கு ஊறு செய்துவிட முடியும் என்றால், இரக்கம் என்று நாம் எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்? பள்ளிப் பணியாளர்களுக்கான முதலுதவிப் பயிற்சியை அலுவலகச் சுற்றறிக்கையோடு சேர்த்தே நினைத்துப் பழகிவிட்டோம். எனக்கு அது அறத்தின் நடுவில் நிற்கும் கேள்வியாகப் படுகிறது.

கிணற்றில் விழப்போகும் குழந்தையைக் கண்டால் எவருக்கும் நெஞ்சு பதறும் என்று சீன ஞானி மென்சியஸ் கிறிஸ்துவுக்கு முன் 4ஆம் நூற்றாண்டில் சொன்னார். மனிதர் இயல்பிலேயே நல்லவர் என்பதற்குச் சான்றாக இதை எடுத்துச் சொல்பவர்கள், அடுத்து அவர் சொன்னதை விட்டுவிடுகிறார்கள். அந்தப் பதற்றம் வெறும் முளை, பேணி வளர்த்தால்தான் பயிர் என்பது அவர் கருத்து. சமணம் இதில் இன்னும் கறாரானது. எதனால் உயிருக்குத் தீங்கு வரும் என்று அறியாதவன் உயிரைக் காப்பது எப்படி என்று கேட்டு, தயைக்கு முன்னால் அறிவை நிறுத்தியது. நம் வள்ளலாரையே பாருங்கள். 1867இல் வடலூரில் அவர் தொடங்கிய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசித்தவரைக் கண்ட பிறகு விறகு தேடுவதென்றால் அங்கே தருமச்சாலை எதற்கு? அவருடைய கருணை பானையாகவும் விறகாகவும் அரிசியாகவும் முன்கூட்டியே அங்கே காத்திருந்தது.

பள்ளியில் இந்த முன்கூட்டியே என்ற சொல்லுக்கு நிமிடக் கணக்கு உண்டு. மூச்சு நின்றால் நான்கைந்து நிமிடத்திலேயே மூளை சேதமடையத் தொடங்குகிறது. எவ்வளவு விரைந்து வந்தாலும் ஆம்புலன்ஸ் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும். தொண்டையில் கடலை சிக்கிய பிள்ளையைக் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் ஐந்து தட்டு, வெளிவராவிட்டால் பின்னால் நின்று அணைத்துத் தொப்புளுக்கு மேலே உள்ளும் மேலுமாக ஐந்து அழுத்து: இதைச் செய்யும் கை அப்போதே அந்த அறையில் இருக்க வேண்டும். பிள்ளைகள் கடிக்கும் பேனா மூடியை எடுத்துப் பார்த்தால், பலவற்றின் நுனியில் சிறு துளை இருக்கும். விழுங்கித் தொண்டையில் அடைத்துக்கொண்டாலும் கொஞ்சம் காற்று போய்வர வைத்த துளை அது. அதை வைத்தவர் எந்தப் பிள்ளையையும் கண்ணால் கண்டிருக்க மாட்டார், பதறியிருக்கவும் மாட்டார். ஆனாலும் நான் அறிந்த இரக்கச் செயல்களில் அந்தத் துளைக்கு உயர்ந்த இடம் கொடுப்பேன்.

தெரியாமல் நடந்துவிட்டது என்றால் உலகம் மன்னிக்கும். எல்லாத் தெரியாமையையும் மன்னிக்கலாமா என்று அரிஸ்டாட்டில் யோசித்தார். குடிபோதையில் செய்த குற்றத்துக்கு இரட்டைத் தண்டனை தந்த சட்டத்தைச் சுட்டிக்காட்டி, தானே வரவழைத்துக்கொண்ட அறியாமை பழியிலிருந்து தப்புவிக்காது என்றார். வழிப்போக்கனுக்கு முதலுதவி தெரியாவிட்டால் அவனைக் குறை சொல்ல முடியாது. பள்ளியின் நிலை வேறு. காலையில் வாசலில் பிள்ளையை விட்டுப்போகும் தாய், மாலைவரை தன் இடத்தில் நிற்க ஆட்களை நம்பி விட்டுப்போகிறாள். 2019 நவம்பரில் வயநாட்டின் சுல்தான் பத்தேரியில், வகுப்பறைப் பொந்திலிருந்த பாம்பு கடித்து ஐந்தாம் வகுப்பு மாணவி இறந்தாள். மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தாமதமானது என்ற குற்றச்சாட்டு நாடெங்கும் எழுந்தது. பாம்புக்கடிக்கு முதலுதவி என்பது பெரிய வித்தை இல்லை. கீறாமல், உறிஞ்சாமல், இறுக்கிக் கட்டாமல், கடிபட்ட காலை அசையவிடாமல் விஷமுறிவு மருந்து உள்ள இடத்துக்கு உடனே கொண்டுபோவது. எளிதாகக் கற்கக்கூடியதைக் கற்காமல் விட்டவர்கள், தெரியாது என்ற சொல்லுக்குப் பின்னால் அதிக நாள் நிற்க முடியாது.

அரைகுறை அறிவு ஆபத்து என்பார்கள். உண்மைதான், ஆனால் மேலே சொன்ன சாவிக்கொத்தும் கரண்டியும் பயிற்சி பெற்றவர் கையிலிருந்து வரவில்லை. முதலுதவிப் பாடத்தில் பாதி, எதைச் செய்யக்கூடாது என்பதுதான். சட்டத்துக்குப் பயப்படுகிறவர்களும் உண்டு. ஒருவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்த செயலைப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 92ஆம் பிரிவே காத்தது. ஆயுசு அவ்வளவுதான் என்ற பேச்சை இப்படித் தள்ளிவிட எனக்கு மனமில்லை, பிள்ளையை இழந்த வீட்டில் அது ஒன்றே ஆறுதலாக இருக்கலாம். ஆனால் அது நடந்து முடிந்த பின் சொல்லும் சொல். வினைப்பயனை மிகக் கண்டிப்பாக நம்பிய சமணர்கள்தான் அன்னம், அபயம், மருந்து, கல்வி என்ற நான்கையும் உயர்ந்த தானங்களாக வகுத்தார்கள். நம் பள்ளிகள் கல்வி தருகின்றன, மதியச் சோறும் போடுகின்றன. நான்கில் இரண்டு இன்னும் பாக்கி.

மறுப்புகளில் மிச்சமிருப்பது ஆசிரியர்களின் மனக்குறை. தேர்தல் பணி, கணக்கெடுப்பு, பதிவேடு என்று ஏற்கெனவே முதுகு ஒடிகிறது, இதுவும் எங்கள் தலையிலா என்று கேட்கிறார்கள். இதில் நியாயம் இருக்கிறது. வேலை நாளுக்குள், சம்பளத்தோடு, பொம்மை மார்பில் கை வைத்து ஐந்து சென்டிமீட்டர் ஆழம் அழுத்திப் பழகும் பயிற்சியாக அது இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையைப் பறிக்கும் சொற்பொழிவாக இருக்கக்கூடாது. ஆசிரியர்களோடு நிறுத்தவும் வேண்டாம். வேன் ஓட்டுநர், காவலாளி, துப்புரவுப் பணியாளர், சத்துணவு ஆயா என்று பிள்ளைக்குக் கையெட்டும் தூரத்தில் இருப்பவர்கள் வேறு பலர். கொதிக்கும் சாம்பார் கையில் கொட்டிய பிள்ளையிடம் முதலில் போய்ச் சேர்பவர் அந்த ஆயாதான். மையும் பற்பசையும் தடவாமல் இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் அந்தக் கையைப் பிடித்திருக்க வேண்டும் என்று அவருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். சமையல்கூடத்துக்குப் பக்கத்துக் குழாயில் அந்த இருபது நிமிடமும் தண்ணீர் வர வேண்டும்.