இரண்டு ஆர்.சி. புத்தகங்கள்

என் மேசை டிராயரில் இரண்டு ஆர்.சி. புத்தகங்கள் இருக்கின்றன. இரண்டுமே யெஸ்டி ரோட்கிங். ஒன்று 1986இல் அப்பா வாங்கிய வண்டியுடையது. அந்த வண்டி இப்போது கீழே பார்க்கிங்கில் நிற்கிறது. மூன்றாவது அல்லது நான்காவது உதையில் ஸ்டார்ட் ஆகிவிடும். இன்னொன்று 1991ஆம் வருட வண்டி. அதன் சொந்தக்காரரை நான் பார்த்ததில்லை. நான் அந்த வீட்டுக்குப் போவதற்கு நான்கு வருடம் முன்பே அவர் இறந்திருந்தார். வண்டியும் இப்போது இல்லை. அதைப் பிரித்துப் போட்டவன் நான்.

பிரித்ததில் தப்பில்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஏன் என்று எனக்கே விளங்கிக்கொள்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மைசூரில் ஐடியல் ஜாவா என்று ஒரு கம்பெனி இருந்தது. செக்கோஸ்லோவாகியாவின் ஜாவா நிறுவனத்திடம் உரிமம் வாங்கி 1961இலிருந்து மோட்டார் சைக்கிள் செய்தார்கள். பின்னாளில் அதுவே யெஸ்டி என்ற பெயருக்கு மாறியது. 1978இல் ரோட்கிங் வந்தது. ஒரே சிலிண்டர், 250 சிசி டூ ஸ்ட்ரோக், ஆனால் இரண்டு பக்கமும் சைலன்சர். கிக்கரும் கியர் லீவரும் ஒன்றேதான். உதைத்து ஸ்டார்ட் செய்துவிட்டு அதையே முன்னால் மடக்கிக் கியர் போட வேண்டும். தெரியாதவர்கள் முதல் தடவை ஏறி உட்கார்ந்தால் கியரைத் தேடிக்கொண்டே இருப்பார்கள். 1996இல் ஃபாக்டரியை மூடினார்கள். அதோடு கம்பெனி ஸ்பேரும் நின்றது. அப்பா அதற்குப் பிறகும் பத்து வருடம் ஓட்டினார். ஊர் முக்குத் திரும்பும்போதே சத்தம் கேட்கும். அம்மா அடுப்பில் தோசைக்கல்லை வைப்பாள்.

அப்பா போன பிறகு வண்டி மாட்டுக்கொட்டகையில் கிடந்தது. இரண்டு வருடம் முன்பு அதைக் கோவைக்குக் கொண்டுவந்தேன். பழைய வண்டிகளைப் புதுசு போலச் செய்து தருகிற ஒருவரிடம் காட்டினேன். ஒன்றரை லட்சம் ஆகும் என்றார். ஐடியில் இருப்பவனுக்கு இது பெரிய காசா என்று கேட்கலாம். வீட்டுக்கடன், பள்ளிக்கூட ஃபீஸ், மாமியாரின் முழங்கால் ஆபரேஷன் எல்லாம் போக, பெரிய காசுதான். நானும் மனைவியும் உட்கார்ந்து பேசி 45 ஆயிரம் என்று முடிவு செய்தோம். "அதுக்கு மேல ஒரு ரூபா போச்சுன்னா வண்டி திரும்ப ஊருக்குப் போயிடும்" என்று சொல்லிவிட்டாள்.

அப்பாவுக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். ரோட்டோரப் பட்டறைதான், ஆனால் யெஸ்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். இன்ஜினைத் திறந்து பார்த்தார். கிராங்க் போயிருந்தது. சிலிண்டரைப் பலமுறை போர் அடித்துக் கடைசி சைஸுக்கு வந்திருந்தது. அதற்கு மேல் தேய்க்க இரும்பு இல்லை. பெட்ரோல் டேங்க் அடியில் துரு தின்று ஓட்டை. கியர் இரண்டில் பல் உடைசல்.

மூன்று மாதம் சனிக்கிழமைதோறும் உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் அலைந்தேன். கிடைத்ததெல்லாம் டூப்ளிகேட். டூப்ளிகேட் எல்லாமே மோசமில்லை. கேபிள், ரப்பர், லைட் கண்ணாடியெல்லாம் போதும். ஆனால் கிராங்க், கியர் மாதிரியான சாமான்களில் இரும்பு சரியில்லை என்றால் நடுரோட்டில் விட்டுவிடும். ஒரிஜினல் வைத்திருந்தவர்கள் சொன்ன விலைக்கு அதைத் தொட முடியாது. அண்ணன்தான் வழி சொன்னார். "தனித்தனியா வாங்குனா முடியாது தம்பி. இன்னொரு வண்டியைப் புடிங்க. ஒண்ணைப் பிரிச்சு இன்னொண்ணுல மாட்டிடலாம்."

அப்படித்தான் கோபிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனேன். தார்ப்பாய் போட்டு மூடி, கயிறு கட்டி, செங்கல் மேல் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள், டயர் தரையில் படாமல். அந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். மோர் கொடுத்தார். நான் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை நீங்க ஓட்டுவீங்களா தம்பி?"

"ஆமாங்கம்மா. ஓட்டுறதுக்குத்தான்."

"காயலாங்கடைக்காரன் வந்து ஒம்பதாயிரம் தர்றேன்னானுங்க. உடைச்சுத்தான போடுவான், வேண்டாம்னுட்டேன். நீங்க ஓட்டுறவரு. ஏழாயிரம் குடுங்க, போதும்."

நான் அவரைத் திருத்தவில்லை. திருத்துவதற்கு நேரம் இருந்தது. மோரைக் குடித்து முடிக்கும் வரை நேரம் இருந்தது. ஏழாயிரத்தை எண்ணிக் கொடுத்து, ஆர்.சி. புத்தகத்தை வாங்கிக்கொண்டு, வண்டியைக் குட்டியானையில் ஏற்றிக் கட்டினேன்.

பட்டறையில் அண்ணன் அதைப் பிரித்தபோது பக்கத்தில் இருந்தேன். பிரிக்கப் பிரிக்க அவர் பேசிக்கொண்டே போனார். வண்டியைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் இருந்தது, ஆனால் ஓட்டினவரைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பிஸ்டன் தலையில் இருந்த எண்ணைத் துடைத்துக் காட்டினார். ஒரே ஒரு முறைதான் போர் அடித்திருக்கிறார்கள். "நல்லா வெச்சு ஓட்டியிருக்காரு. இஞ்சினை முறுக்கவே இல்ல." சிலிண்டர் சுவரில் துரு இல்லை, பிசுபிசுவென்று பழைய ஆயில் படிந்திருந்தது. வண்டியை நிறுத்துவதற்கு முன் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே ஆயில் ஊற்றி, மெதுவாக இரண்டு உதை உதைத்துவிட்டு மறுபடி பிளக்கை மாட்டியிருக்கிறார். ரொம்ப நாள் எடுக்கப் போவதில்லை என்று தெரிந்து, ஆனால் ஒரு நாள் எடுப்போம் என்று நம்புகிறவன் செய்கிற வேலை அது.

அந்த ஆயில்தான் எனக்கு லாபம். அதனால்தான் சிலிண்டர் பிழைத்தது, அப்பாவின் வண்டியும் பிழைத்தது.

டேங்க்கும் அவருடையதுதான் நன்றாக இருந்தது. அதன் மேல் பெயிண்டால் கையெழுத்தில் ஒரு பெண் பெயர் எழுதியிருந்தது. மகளாக இருக்கும். பெயிண்டர் உப்புத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "இதை எடுத்துடலாமுங்களா?" என்று கேட்டார். எடுத்துவிடச் சொன்னேன். அப்பாவின் வண்டி மெரூன். டேங்க்கும் மெரூன் ஆனது.

அதே பெயிண்டரிடம் அதே நாள் இன்னொன்றும் சொன்னேன். அப்பாவின் வண்டியில் பின் மட்கார்டில் ஒரு நசுங்கல் இருக்கிறது. திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் சறுக்கி விழுந்தபோது ஆனது. அம்மா பின்னால் உட்கார்ந்திருந்தாள், இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். "அந்த நசுங்கலை மட்டும் டிங்கரிங் பண்ணிடாதீங்க, அப்படியே இருக்கட்டும்" என்றேன். அது நினைவு என்று நினைத்தேன். டேங்க்கில் இருந்த பெயரை நினைவு என்று நினைக்கவில்லை. பழைய பெயிண்ட் என்று நினைத்தேன்.

மொத்தம் 51 ஆயிரம் ஆனது. வண்டி ஊருக்குத் திரும்பவில்லை. முதல் நாள் ஸ்டார்ட் ஆகி, அந்தச் சத்தம் அபார்ட்மென்ட் சுவரில் மோதித் திரும்பியபோது அம்மா பால்கனிக்கு வந்து நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் தூக்கம் கெட்டது. ஒரு என்ஜினியரால் இதை ஒரு புதிராக மாற்றாமல் இருக்க முடியாது. நானும் மாற்றினேன். தீசியஸின் கப்பலை எல்லோருக்கும் தெரியும். ஏதென்ஸ்காரர்கள் அந்தக் கப்பலைக் காப்பாற்ற, மக்கிய பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தார்கள், கடைசியில் அது அதே கப்பலா என்று தத்துவவாதிகள் சண்டை போட்டார்கள் என்று புளூட்டார்க் எழுதுகிறார். பதினேழாம் நூற்றாண்டில் ஹாப்ஸ் அதை இன்னும் சிக்கலாக்கினார். கழற்றிய பழைய பலகைகளையெல்லாம் ஒருவன் எடுத்து வைத்து, அவற்றை வைத்து இன்னொரு கப்பல் கட்டினால், எது தீசியஸின் கப்பல்? மிலிந்த பன்ஹாவில் நாகசேனர் கிரேக்க அரசனிடம் கேட்பதும் இதன் இன்னொரு முகம்தான். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எதுவும் இல்லை. தேர் என்பது இவை சேர்ந்திருப்பதற்கு நாம் வைத்த பெயர்.

இவற்றை வைத்து எனக்கு வசதியான ஒரு பதில் தயாரித்தேன். அந்த அம்மா ஓட்டுவீர்களா என்று கேட்டார். ஓட்டுகிறேன். அவர் கணவரின் கிராங்க், அவர் சிலிண்டர், அவர் கியர், அவர் டேங்க். ஓடுகிற பாகம் பெரும்பாலும் அவருடையது. அப்பாவுடையது ஃப்ரேமும் கிராங்க் கேஸும் நசுங்கிய மட்கார்டும்தான். யோசித்துப் பார்த்தால் நான் ஓட்டுவது அவர் வண்டியைத்தான், அப்பாவின் ஃப்ரேமில் வைத்து. எனவே நான் பொய் சொல்லவில்லை.

சட்டம்கூட என் பக்கம்தான். சட்டத்துக்கு வண்டி என்றால் சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர். இன்ஜின் நம்பர் கிராங்க் கேஸில் இருக்கிறது, அதை நான் மாற்றவில்லை. உள்ளே இருக்கிற எதையும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் திறந்து பார்ப்பதில்லை. அப்பாவின் ஆர்.சி.யின்படி ஒன்றுமே நடக்கவில்லை. இன்னொரு ஆர்.சி.யில் வண்டி இன்னும் அவர் பெயரில் இருக்கிறது. பெயர் மாற்றுவது வீண் செலவு என்று விட்டிருந்தேன். உபயோகத்துக்கு இல்லாமல் அழிந்த வண்டியைப் பற்றிப் பதினான்கு நாளில் தகவல் தர வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. அதையும் நான் செய்யவில்லை. இறந்துபோன ஒருவர், இல்லாத ஒரு வண்டிக்குக் காகிதத்தில் சொந்தக்காரராக இருக்கிறார்.

இந்தப் பதிலை ஒரு நண்பனிடம் சொன்னேன். அவன் இதைவிடச் சுலபமாக்கினான். "டேய், வித்தாச்சுன்னா முடிஞ்சுது. வாங்கினவன் அதை ஓட்டுவான், உடைப்பான், ஆத்துல போடுவான். அவங்களுக்கு என்ன?"

அங்கேதான் எனக்கு உறைத்தது. ஒன்பதாயிரத்துக்கும் ஏழாயிரத்துக்கும் நடுவில் இரண்டாயிரம் இருக்கிறது. அது தள்ளுபடி இல்லை. வண்டி உடையாமல் இருப்பதற்கு அந்த அம்மா கொடுத்த விலை. அன்றைக்கு நடந்தது இரண்டு வியாபாரம். அவரிடமிருந்து நான் ஒரு வண்டி வாங்கினேன். என்னிடமிருந்து அவர் ஒரு வாக்கு வாங்கினார், இரண்டாயிரம் ரூபாய்க்கு. வண்டி என் கைக்கு வந்தது. வாக்கு அவர் கைக்குப் போகவில்லை.

தீசியஸ் கப்பல் கதையில் நான் அதுவரை கவனிக்காத ஒன்று இருக்கிறது. புதுப் பலகை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. எந்த மரம், யாருடைய மரம், வெட்டுவதற்கு முன் அவனிடம் என்ன சொன்னார்கள். கப்பல் அதேதானா என்கிற கேள்வி, கப்பல் வைத்திருப்பவனுடைய கேள்வி. மரம் கொடுத்தவனுக்கு அந்தச் சந்தேகமே வராது. தன் தோட்டத்தில் ஒரு மரம் இல்லை என்று அவனுக்குத் தெளிவாகத் தெரியும். நான் அடையாளத்தைப் பற்றி இராத்திரியெல்லாம் யோசித்தது, வாக்கைப் பற்றி யோசிக்காமல் இருப்பதற்காகத்தான்.

பட்ஜெட் என்ற சொல்லும் இப்போது எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. குறைந்த செலவில் செய்தேன் என்று பெருமையாகச் சொல்வேன். ஒன்றரை லட்சத்து வேலையை 51 ஆயிரத்தில் முடித்தால், மிச்சம் எங்கேயோ போயிருக்க வேண்டுமே. கொஞ்சம் என் சனிக்கிழமைகள். கொஞ்சம் மெக்கானிக் அண்ணன் கூலியைக் குறைத்துக்கொண்டது. கொஞ்சம் அந்த அம்மா.

போன தை மாதம் வண்டியை எடுத்துக்கொண்டு அந்தக் கிராமத்துக்குப் போனேன். சத்தம் கேட்டே வெளியே வந்துவிட்டார். சுற்றி வந்து பார்த்தார். மெரூன் டேங்க்கின் மேல் கை வைத்தார், பெயர் இருந்த இடத்தில்.

"கலரை மாத்திட்டீங்களா?"

சொன்னேன். இது அவருடைய வண்டி இல்லை, அதைப் பிரித்து இதில் மாட்டினேன், அன்றைக்கே எனக்குத் தெரியும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். டேங்க், சிலிண்டர், கியர் என்று இடம் இடமாகத் தொட்டுக் காட்டினேன். அவர் ஊற்றி வைத்த ஆயிலைப் பற்றியும் சொன்னேன். அதை மட்டும் இரண்டாம் முறை சொல்லச் சொன்னார்.

இரண்டாயிரத்தை நீட்டினேன். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். வாங்கி, எண்ணி, முந்தானையில் முடிந்துகொண்டார்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா குடுத்திருப்பனோ, மாட்டனோ. இப்ப அது எப்படிங்க தெரியும்? கேட்டிருக்கலாமில்லீங்க தம்பி."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் கொடுத்திருக்கலாம் என்பது என் குற்றத்தைக் குறைக்காது. மாட்டேன் என்று சொல்லியிருந்தால் அப்பாவின் வண்டி இன்றைக்கும் கொட்டகையில்தான் கிடந்திருக்கும். அந்த 'மாட்டேன்' அவருடையது. அதைச் சொல்ல அவருக்கு இடம் கொடுக்காமல் எடுத்துக்கொண்டேன். கழற்றியதை எல்லாம் திரும்ப மாட்டலாம், அதை மாட்ட முடியாது.

அவர் வண்டியின் ஃப்ரேம் இன்னும் பட்டறைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. இரும்பு விலைக்குப் போட்டுவிடலாமா என்று அண்ணன் இரண்டு முறை கேட்டுவிட்டார். ஹாப்ஸ் சொன்ன மாதிரி, என்னிடம் மூட்டையில் கிடக்கும் அப்பாவின் தேய்ந்த சாமான்களை அதில் மாட்டினால் ஒரு வண்டி வரும், ஆனால் ஓடாது. அதனால் யாருக்கும் பிரயோசனமில்லை. ஃப்ரேமை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.