யாருக்கு அடித்தது?

சப்தத்தை அதன் காரணத்திலிருந்து பிரித்துக் கேட்க முடியுமா என்பது ஒரு கேள்வி. பிரிக்கலாமா என்பது வேறு கேள்வி. முதலாவதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது.

1948-ல் பாரிஸில் பியர் ஷேஃபர் ரயில் சப்தங்களை இசைத்தட்டுகளில் பதிந்து, துண்டாக்கி, திரும்பத் திரும்ப ஓடவிட்டு வானொலியில் ஒலிபரப்பினார். ரயிலை மற, சப்தத்தின் உருவத்தை மட்டும் கேள் என்பது பின்னால் அவர் வகுத்த கொள்கை. சீடர்களுக்குத் திரைக்குப் பின்னிருந்து போதித்த பித்தகோரஸின் பழங்கதையைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். இன்று வானொலி நிலையம்கூட வேண்டியதில்லை. லண்டனில் 'சவுண்ட்கேம்ப்' என்ற கலைஞர் குழு 2014 முதல் மே மாதத் துவக்கத்தில் ஒரு ஒலிபரப்பு நடத்திவருகிறது. பல நாடுகளில் தனிமனிதர்கள் திறந்துவைக்கும் மைக்குகளின் வழியே, விடியல் பூமியைச் சுற்றிவருவதை ஒரு முழு நாள் கேட்கலாம். எனக்கு இதில் மயக்கம் உண்டு.

அந்த வாரத்தில் தஞ்சைப் பக்கம் மைக் வைத்தால் என்ன கேட்கும்? ஆற்றில் மணல்தான். மேட்டூர் திறக்க ஜூன் 12 ஆகும், அதுவும் அணையில் தண்ணீர் இருந்தால். போர் மோட்டாரின் இரைச்சல், காகம், கோயில் ஒலிபெருக்கி. உருவமற்ற குரல் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1960-களில் திருச்சி வானொலியைக் கேட்டு விதைத்த ஆடுதுறை 27-க்கு 'ரேடியோ நெல்' என்றே இங்கு பெயர். ஆனால் அந்தக் குரலை யாரும் வெறும் சப்தமாகக் கேட்கவில்லை.

ஒரு மே மாத விடியலில் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து பதிவு செய்தேன். தூரத்தில் தப்பு கேட்டது. சாவு என்று தெரியும். தெரிந்தும், ஈரமற்ற காற்றில் அந்த அடி வந்து விழுந்த விதம் பிடித்துப்போய், கருவியில் ஒலியைக் கூட்டி வைத்தேன். பிறகு தப்படிப்பவர் ஒருவரின் மகனிடம் போட்டுக் காட்டினேன். லயத்தைப் பற்றி ஏதாவது சொல்வான் என்ற எதிர்பார்ப்பு. முழுதும் கேட்டுவிட்டு, “இது யாருக்கு அடிச்சது சார்?” என்றான்.

எனக்குத் தெரியவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. ஷேஃபர் கேட்ட மறதியை நான் பயிலவேயில்லை, அது என்னிடம் முன்பே இருந்தது. ஊர்த்தெருவில் பிறந்தவனுக்குச் சேரியின் சாவு எப்போதும் தூரத்துச் சப்தம்தான். அதை அழகியல் என்று சொல்லிக்கொள்ள ஒரு பிரெஞ்சுக்காரரின் பெயர் கிடைத்துவிட்டது, அவ்வளவே.

இதோடு முடித்துவிட்டால் சௌகரியம். ஆனால் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று மறுத்து, அதே தோற்கருவியை மேடைக்குக் கொண்டுவந்தவர்கள் இருக்கிறார்கள். சாவிலிருந்து, சாதி சுமத்திய ஊழியத்திலிருந்து சப்தத்தைப் பிரித்தெடு என்பதே அவர்கள் கோரிக்கை. ஷேஃபரும் பிரிக்கத்தான் சொன்னார். அவர்கள் பிரிப்பது தங்கள் தோளில் கிடந்த சுமையை. நான் பிரித்தது எதை?

அந்தப் பையனும் சாவுக்குப் போவதில்லை. கல்லூரிக் கலைவிழாக்களில் அடிக்கிறான். அப்படியிருந்தும் அவனுக்கு முதலில் வந்தது அந்தக் கேள்விதான். ஏன் என்று என்னால் இன்னும் விளக்க முடியவில்லை.

பதிவை லண்டனுக்கோ வேறெங்குமோ அனுப்பவில்லை. தேதி குறித்து வைத்திருக்கிறேன். அந்தத் தெருவுக்குப் போய், அன்று இறந்தது யார் என்று விசாரிக்க வேண்டும். வாய்க்காலிலிருந்து பத்து நிமிஷ நடை. இதுவரை போகவில்லை.